ஷிப்டுக்கு ஏது மே விடுமுறை?

மே மாதம் வந்தால் தேவாலயங்களில் வாலிபர் முகாம் அறிவிப்புகள் களைகட்டும். பாட்டு, வேதபாடம், குழு விவாதம், புது நட்பு எனக் கல்லூரி மாணவர்களுக்கு அது திருவிழாதான்.

சென்னை அருகே தொழிற்சாலைகள் நிறைந்த ஒரகடத்தில் ஷிப்டு பார்ப்பவருக்கு? ஒப்பந்தத் தொழிலாளி மூன்று நாள் முகாமுக்குப் போனால், மூன்று நாள் கூலி போச்சு.

தொழிலாளரை மறக்காத முன்மாதிரியும் உண்டு. 1925-இல் பெல்ஜியத்தில் பாதிரியார் ஜோசப் கார்டைன் தொடங்கிய இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கம் ‘பார், சீர்தூக்கு, செயல்படு’ என்று வேலையிடத்தையே பாடமாக்கியது. இங்கே பாடத்துக்கா பஞ்சம்? 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் விடுதி உணவால் நோயுற்றபோது, சக தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் மறியலில் அமர்ந்தார்கள். அதைப் பேசாத முகாம் அரை முகாம்தான்.

சபைகள் ஷிப்டு அட்டவணையைக் கேட்டு வாங்கி, ஒருநாள் முகாமையாவது ஒரகடத்திலேயே நடத்தட்டும்.