ஞானஸ்நான ஏட்டில் கூலிக் கணக்கு எங்கே?

"அந்தக் காலத்துக் கிராமம் ஒரே குடும்பமாக வாழ்ந்தது, சீமான் பிள்ளைக்கும் கூலிக்காரன் பிள்ளைக்கும் ஒரே தீர்த்தம், ஒரே ஏடு!" இங்கிலாந்தின் பழைய சர்ச்சு ஞானஸ்நானப் பதிவேடுகளைக் காட்டி இப்படிப் பல்லவி பாடும் கனவான்கள் உண்டு. சரி, அந்த ஏட்டையே புரட்டுவோம்!

1538-ல் எட்டாம் ஹென்றி மன்னனின் மந்திரி தாமஸ் கிராம்வெல் போட்ட உத்தரவில் பிறந்தது இந்த ஏடு. ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் பாதிரியார் எழுத வேண்டும். இரட்டைப் பூட்டுப் பெட்டியில் வைக்க வேண்டும். "இது வரிக்கு வழி" என்று ஜனங்கள் அன்றே சந்தேகித்தார்கள். சந்தேகம் வீண்போகவில்லை. அமெரிக்க யுத்தத்தில் கஜானா காலியானதும், 1783-ல் சர்க்கார் ஒவ்வொரு பதிவுக்கும் 3 பென்ஸ் வரி போட்டது. பரம ஏழைக்கு மட்டும் விலக்கு. அந்த விலக்குக்கு அவன் கொடுத்த விலை என்ன? பச்சைக் குழந்தையின் பெயருக்குப் பக்கத்திலேயே 'தரித்திரன்' என்ற முத்திரை! 1794 வரை நீடித்தது இந்த வரி.

1813 முதல் அச்சடித்த ஏடு வந்தது. தகப்பனின் அந்தஸ்து அல்லது தொழில் என்ன என்று அதில் ஒரு கட்டம். நிலப்பிரபுவுக்கு 'கனவான்' என்ற பட்டம். உழுதவன், அறுத்தவன், கதிரடித்தவன் அனைவருக்கும் ஒரே சொல்: 'கூலியாள்'. பக்கம் பக்கமாகக் கூலியாள், கூலியாள்! அவன் வாங்கிய கூலி எவ்வளவு? பிள்ளைக்கு ரொட்டி இருந்ததா? அதற்கு ஏட்டில் கட்டமே கிடையாது!

அந்தக் கணக்கைக் கேட்டவர்கள் டார்செட் ஜில்லா டால்புடில் கிராமத்துக் கூலியாட்கள். வாரக் கூலி 9 ஷில்லிங்கிலிருந்து 8 ஆயிற்று. பிறகு 7 ஆயிற்று. 6 ஆக்குவோம் என்று மிரட்டினார்கள் பண்ணைக்காரர்கள். முன்பு நியாயக் கூலி தருவதாக அவர்கள் வாக்களித்தபோது சாட்சியாக நின்றவர் ஊர்ப் பாதிரியார். பிறகு அவரே கைவிரித்துவிட்டார் என்று ஜார்ஜ் லவ்லெஸ் எழுதி வைத்திருக்கிறார். லவ்லெஸ் நாத்திகரல்ல, ஏர் பிடித்த கூலியாள், மெத்தடிஸ்ட் உபதேசியார்!

1833-ல் சங்கம் அமைத்தார்கள். 1834 மார்ச்சில் 6 பேருக்கு 7 ஆண்டு நாடுகடத்தல் தண்டனை! என்ன குற்றம்? சங்கத்தில் சேர ரகசியப் பிரமாணம் எடுத்தார்களாம்! 'ஒரே குடும்ப'த்தின் லட்சணம் இதுதான்.

ஏப்ரல் 21-ல் லண்டன் தொழிலாளர்கள் பல்லாயிரக்கணக்கில் வீதியில் திரண்டார்கள். நகரத் தொழிலாளி கிராமத்துக் கூலியாளுக்காகக் குரல் கொடுத்தான். 1836-ல் சர்க்கார் பணிந்தது; மன்னிப்பு வழங்கியது.

அந்த ஏடுகளைக் கொளுத்தச் சொல்லவில்லை. பத்திரமாகக் காக்க வேண்டும். எத்தனையோ உழைப்பாளிகளின் பெயர் மிஞ்சியிருப்பது அதில் மட்டும்தான். ஆனால் பெயரோடு நிற்காதீர்கள். எழுதப்படாத கணக்கையும் கேளுங்கள்.

ஆலைத் தோழர்களே! வயல் தோழர்களே! "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்று எந்த முதலாளியாவது, எந்தப் பண்ணையாராவது தேனொழுகப் பேசினால், ஒரே பதில் சொல்லுங்கள்: "கூலிக் கணக்கை எடு!"

பெயரைப் பதிந்தது சர்ச்சு ஏடு. கூலியைக் கேட்டது சங்கம்!