உயர்த்திய வண்டியின் நடுக்கம்

அமெரிக்காவில் 1984ஆம் ஆண்டு மாதிரியாக அறிமுகமான ஜீப் செரோக்கி போன்ற பழைய வண்டிகளைக் கரடுமுரடான பாதைக்கென 3, 4 அங்குலம் உயர்த்துவோர் உளர். பின்னர் ஒருநாள் முன்சில்லு குழியில் விழுந்ததும் ஸ்டியரிங் வெறிகொண்டாற்போல் நடுங்கும். காரணம் யாது?

துவிச்சக்கர வண்டியின் முன்கவரை நோக்குக. அது பின்னோக்கிச் சாய்ந்திருத்தல் வண்டி நேரே செல்ல உதவுகிறது. ஜீப்பின் முன்சில்லுகள் திரும்பும் அச்சுக்கும் அத்தகைய சாய்வு உண்டு. வண்டியை உயர்த்தினால் அச்சாய்வு குறையும். அத்துடன், முன்னச்சைப் பக்கவாட்டில் நகராது பிடிக்கும் குறுக்குத்தண்டின் மூட்டுத் தேய்ந்திருப்பின் நடுக்கம் எளிதில் எழும்.

சோதனை எளிது. சில்லுகள் தரையில் நிற்க, கைப்பிறேக்கை இறுக்கி, ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமுமாகச் சிறிது அசைக்க, மற்றவர் ஒவ்வொரு மூட்டையும் கவனித்தல் வேண்டும். தளர்ச்சி எங்கேயோ நோயும் அங்கே. ரயர்களின் சமநிலையையும் முன்னச்சின் சாய்வையும் அளப்பித்தல் நன்று.

சிலர் ஸ்டியரிங்கின் அதிர்வுதாங்கியை மாத்திரம் மாற்றி அமைதியடைவர். அது நோயை மறைக்குமேயன்றித் தீர்க்காது. மறைந்த நோய் நெடுஞ்சாலையில் மீளுமாயின், உடன் வரும் பிள்ளைகளின் உயிருக்கன்றோ ஆபத்து!