பழவேற்காட்டில் மறுபடியும் காசு அடிக்கட்டும்

கையில் ஒரு ரூபாய் நாணயம் இருந்தால், ஆண்டு எண்ணுக்குக் கீழே கவனித்துப் பாருங்கள். சின்ன வைர வடிவம் தெரிந்தால் அது மும்பையில் அச்சானது. நட்சத்திரம் என்றால் ஐதராபாத். உருண்டைப் புள்ளி என்றால் நொய்டா. ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா. இந்திய அரசின் நாணயச்சாலைகள் இந்த நான்குதான். தமிழ்நாட்டில் ஒன்றுகூடக் கிடையாது.

நான் வேலை பார்ப்பது கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், வண்டி உதிரிபாகங்களைப் பிரஸ்ஸில் அடித்துக் கொடுக்கும் ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில். உலோகத்தை அடிக்கும் அச்சான டை செய்வது பிழைப்பு. பழங்காசு சேர்ப்பது ஆசை. ஒரு வாஷரையும் ஒரு நாணயத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என் பிழைப்பும் ஆசையும் ஒரே தொழில் என்று எனக்குத் தெரியும். அந்த உரிமையில் ஒரு கோரிக்கை வைக்கிறேன். காசு எப்படி அச்சாகிறது என்பதை மக்கள் கண்ணால் பார்க்கும் இடம் ஒன்று திருவள்ளூர் மாவட்டத்தில் வேண்டும். அதுவும் பழவேற்காட்டில் வேண்டும்.

ஏன் பழவேற்காடு? 1613-இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே ஜெல்டிரியா கோட்டையைக் கட்டியது. சோழமண்டலக் கரையில் அவர்களுக்குத் தலைமையிடம் அதுதான். நம் நெசவாளர்களின் துணிதான் அவர்கள் தேடி வந்த சரக்கு. அதை வாங்க இந்த ஊரில் செல்லும் பணம் வேண்டும். அதனால் கோட்டையிலேயே நாணயச்சாலையும் எழுந்தது. ஜப்பானிலிருந்து டச்சுக் கப்பல்களில் தங்கமும் செம்பும் சோழமண்டலக் கரைக்கு வந்தன. தங்கம் உருகி வராகன் ஆயிற்று. செம்பு காசு ஆயிற்று. கம்பெனியின் பெயரெழுத்துகளைப் பின்னிய முத்திரையோடு பழவேற்காட்டுச் செப்புக் காசுகள் கடல் தாண்டி இலங்கையிலும் புழங்கின. 1690-இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்குப் போனது. 1825-இல் ஊர் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. இன்று கோட்டை இருந்த இடத்தில் அகழியின் தடமும் புதரும்தான். மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள டச்சுக் கல்லறைகளைப் பார்க்க வருகிறவர்கள், இங்கே காசு அச்சானது என்று தெரியாமலே திரும்பிப் போகிறார்கள்.

சென்னையின் கதையும் இதை ஒட்டியதுதான். 1639-இல் தாமர்லா நாயக்கர் ஆங்கிலேயருக்கு இடம் கொடுத்தபோது, நாணயம் அடிக்கும் உரிமையையும் சேர்த்தே கொடுத்தார். 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்று அங்கே கணக்கு ஓடியது. 1807-ஐ ஒட்டி வந்த வெள்ளி அரை வராகனில் ஒரு பக்கம் கோபுரமும் நட்சத்திரங்களும், மறுபக்கம் பெருமாள் உருவமும், தமிழ், தெலுங்கு எழுத்துகளும் இருக்கும். தென்னிந்தியக் காசுகளிலேயே எனக்கு மிகப் பிடித்தது அதுதான். 1840-களில் தங்கசாலைத் தெருவின் வடகோடிக்குப் போன சென்னை நாணயச்சாலை 1869-இல் மூடப்பட்டது. கட்டடம் அரசு அச்சகமானது. தெருப் பெயர் மட்டும் மிச்சம்.

இதற்கு முன்பே வேலையில் ஒரு பங்கு நம் கையை விட்டுப் போகத் தொடங்கியிருந்தது. 1803-இல் சென்னை மாகாணத்துக்கான 10 காசு, 20 காசு செப்பு நாணயங்கள் பர்மிங்காம் பக்கத்தில் மேத்யூ போல்டனின் சோஹோ ஆலையில், நீராவி இயந்திரத்தில் அச்சாயின. 1808-இலும் அப்படியே. அந்தக் காசுகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோர மணல்திட்டில் மூழ்கியது. 1980-களில் மீட்டெடுத்த அந்தக் காசுகள் இன்றும் சேகரிப்பாளர் சந்தையில் கிடைக்கின்றன. நம் ஊர்க் கடைத்தெருவில் கத்தரிக்காய் வாங்க வேண்டிய காசு, நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேல் வேறொரு கடலின் அடியில் கிடந்திருக்கிறது.

இந்த வரலாறெல்லாம் புத்தகத்தில் படித்ததுதான். ஐதராபாத் சைஃபாபாத் நாணயச்சாலைக்குப் போனபோதுதான் அது என் கைவேலையோடு சேர்ந்தது. 1903-இல் நிஜாம் ஆட்சியில் எழுந்த கட்டடம் அது. 1997-இல் செர்லாப்பள்ளிக்கு வேலை மாறிய பிறகு பூட்டிக் கிடந்ததை, 2022-இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். பழைய இயந்திரங்களையும் கருவிகளையும் காசுகளையும் ஒரே கூரையின் கீழ் பார்த்தபோது, வீட்டில் ஆல்பத்தில் செருகி வைத்திருந்த என் காசுகள் ஒவ்வொன்றும் நினைவில் எழுந்து, தான் எப்படிப் பிறந்தேன் என்று சொல்லத் தொடங்கின.

தகட்டிலிருந்து வட்டமாக வெட்டி எடுப்பதைத் தொழிற்சாலையில் பிளாங்க் என்போம். வெட்டியதும் உலோகம் விறைத்திருக்கும். உலையில் காய்ச்சி இளக வைத்து, கழுவி, விளிம்பைச் சுற்றிலும் அழுத்தி உயர்த்த வேண்டும். பிறகுதான் மேல் அச்சுக்கும் கீழ் அச்சுக்கும் நடுவே பல டன் அழுத்தத்தில் ஒரே அடி. தலையும் எண்ணும் அந்த ஒரே நொடியில் பதியும். அச்சில் பள்ளமாக இருப்பது காசில் மேடாக வரும். ஆகவே அச்சில் விரிசல் விட்டால், காசில் அது மேடான ஒரு கோடாக எழும். அடித்த காசு வெளியே விழாமல் அச்சிலேயே ஒட்டிக்கொண்டால், அடுத்த பிளாங்க்கின் ஒரு பக்கத்தில் அதே உருவம் இடவலம் மாறிப் பள்ளமாகப் பதியும். இப்படிப்பட்ட பிழைக் காசுகளுக்குச் சேகரிப்பாளர்கள் நல்ல விலை கொடுப்பார்கள். எனக்கு விலை பெரிதில்லை. அந்த மேடான கோட்டைப் பார்த்தால், எங்கோ ஒரு டை ஓய்வில்லாமல் அடித்து அடித்துக் களைத்துப்போனது தெரிகிறது. என் டூல் ரூமில் வாரம்தோறும் நான் பார்க்கும் களைப்பு அது.

பழவேற்காட்டுக் காசை நான் படிக்கும் விதமும் அதன் பிறகு மாறியது. அக்காலக் காசுகளில் முத்திரை பாதியும் வெறும் செம்பு பாதியுமாக இருக்கும். கவனக்குறைவு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. அச்சு பெரியது, செம்புத் துண்டு சிறியது, அடிப்பது கைச் சுத்தியல். எடை சரியாக இருப்பதுதான் முக்கியம். உருவம் முழுதாக விழ வேண்டும் என்ற அவசியமில்லை. இதைப் பத்துப் பக்கம் எழுதிப் புரியவைப்பதைவிட, ஒரு குழந்தையின் கையில் சுத்தியலைக் கொடுத்து ஒருமுறை அடிக்கச் சொன்னால் போதும்.

ஏன் இதெல்லாம் பொதுமக்களுக்கு என்று கேட்கலாம். பத்து ரூபாய் நாணயத்தை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் எத்தனை கடைகளில், எத்தனை பேருந்துகளில் அதை வாங்க மறுத்தார்கள்! ஒன்றில் ரூபாய்க் குறி இருக்கிறது, ஒன்றில் இல்லை, ஆகவே ஏதோ ஒன்று போலி என்று வதந்தி. 14 வடிவமைப்புகளும் செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி அறிக்கையே விட வேண்டியிருந்தது. வெளி வளையமும் உள்வட்டமும் தனித்தனி உலோகம் என்பதும், அச்சடிக்கும் அதே அடியில்தான் இரண்டும் இறுகிப் பிணைகின்றன என்பதும், வடிவமைப்பு அவ்வப்போது மாறுவது வழக்கம் என்பதும் ஒருமுறை பார்த்தவருக்குச் சந்தேகமாகவே தோன்றாது. நாம் தினமும் கையாளும் பொருள் எங்கே, எப்படி உண்டாகிறது என்று யாருக்கும் காட்டாமல் வைத்தால், அந்த வெற்றிடத்தை வதந்திதான் நிரப்பும்.

பாதுகாப்பு என்ன ஆவது என்பது அடுத்த கேள்வி. அமெரிக்காவின் பிலடெல்பியா நாணயச்சாலையில் மக்கள் கண்ணாடிக்குப் பின்னால் நின்று வேலையைப் பார்க்கிறார்கள். பிரிட்டனின் ராயல் மின்ட், வேல்ஸில் உள்ள தன் வளாகத்தில் 2016 முதல் பார்வையாளர்களையே நாணயம் அடிக்க வைக்கிறது. நான் பழவேற்காட்டில் கேட்பது அவ்வளவுகூட இல்லை. செல்லும் பணம் எதுவும் அங்கே அச்சாக வேண்டாம். ரூபாய் என்றோ பைசா என்றோ எழுதாத, ஊர்ப் பெயர் மட்டும் பொறித்த நினைவு வில்லை போதும். பழைய முறையில் கைச் சுத்தியலுக்கு ஒரு கூடம், இயந்திர முறைக்கு ஒரு சிறிய பிரஸ், நான்கு நூற்றாண்டுக் காசுகளுக்கு ஒரு கண்ணாடிப் பேழை வரிசை. கோட்டை மண்ணைத் தொடவே கூடாது. அங்கே தோண்டுவது தொல்லியல் அறிஞர்களின் வேலை. கூடம் ஊருக்குள் இருக்கட்டும். பூநாரைகளைப் பார்க்க நவம்பர் தொடங்கிக் கூட்டம் வரத்தான் செய்கிறது. அவர்கள் பொன்னேரியிலிருந்து வரும் அதே சாலையில் கூடத்துக்கும் வந்துவிடலாம்.

சேகரிப்பாளர்களான நமக்கும் இதில் ஒரு கடமை உண்டு. மழை விட்ட பிறகு பழவேற்காட்டுப் பக்கம் போனால் பையன்கள் ஓடிவருவார்கள். பச்சை ஏறிய செப்புத் துண்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஒருவன் என்னிடம், "ஐயா, இது இப்பவும் செல்லுமா?" என்று கேட்டான். "கடையில செல்லாது தம்பி. ஆனா இது உங்க ஊர்லயே அடிச்ச காசா இருக்கலாம். எந்த இடத்துல கிடைச்சுதுன்னு காட்டு, கிராம நிர்வாக அலுவலர்கிட்ட சேர்ந்தே போய்ச் சொல்லிடலாம்" என்றேன். அவன் எதிர்பார்த்தது ஐம்பது ரூபாய் என்பது முகத்திலேயே தெரிந்தது. மண்ணில் கிடைக்கும் புதையல் பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டின் சட்டம். அந்தச் சட்டத்தை மீறித்தான் பல ஆல்பங்கள் நிறைகின்றன. காசைவிட, அது கிடைத்த இடம் முக்கியம். இடம் தெரியாத காசு வாய் பேசாது.

பொழுதுபோக்குச் சேகரிப்பு எவ்வளவு உயர முடியும் என்பதற்குத் தமிழில் சான்று இருக்கிறது. பத்திரிகை ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி, சேகரித்ததோடு நிற்காமல் படித்தார். 'பெருவழுதி' என்று தமிழ்ப் பிராமியில் பெயர் பொறித்த பாண்டியர் செப்புக் காசை அவர் அடையாளம் கண்டு எழுதியது, சங்க கால மன்னர்கள் தங்கள் பெயரில் நாணயம் வெளியிட்டார்கள் என்பதற்கு உறுதியான ஆதாரமானது. பழவேற்காட்டுப் பையன்களில் ஒருவன் நாளை அப்படி எழுதக்கூடும். அதற்கு அவனுக்கு வேண்டியது காசுக்கு விலை சொல்லும் வியாபாரி அல்ல. காசைப் படிக்கக் கற்றுத்தரும் ஓர் இடம்.

அந்த இடத்தை உருவாக்கும் கைகள் இந்த மாவட்டத்திலேயே இருக்கின்றன. எஃகில் தலைகீழாக எழுத்து வெட்டவும், அதை ஹார்டனிங் செய்து விரிசல் விடாமல் காப்பாற்றவும், ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகாமல் பொருத்தவும் தெரிந்தவர்கள் கும்மிடிப்பூண்டியிலும் திருவள்ளூரிலும் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். ஐடிஐ மாணவர்களுக்கு அதைவிட நல்ல பயிற்சிப் பொருள் கிடையாது. தொல்லியல் துறை காசுகளைத் தரட்டும். சுற்றுலாத் துறை கட்டடத்தைத் தரட்டும். நான்கு நாணயச்சாலைகளையும் நடத்தும் மத்திய அரசு நிறுவனம், ஓய்வு கொடுத்த பழைய பிரஸ் ஒன்றைத் தரட்டும். அச்சு வெட்டிக் கொடுக்க நானும் என் டூல் ரூம் தோழர்களும் கூலி கேட்காமல் வருகிறோம். மாவட்ட ஆட்சியர் இடத்தைக் காட்டினால் அடுத்த மாதமே வேலையைத் தொடங்கலாம்.