மாலை 5 மணிக்குள் 17,500 ரூபாய்

ஐஐடி தன்பாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பர் 30 அன்று பிறப்பித்த உத்தரவை இதற்குள் எல்லோரும் படித்திருப்பீர்கள். உத்தரப் பிரதேசத்தின் முசாபர்நகர் மாவட்டத்தைச் சேர்ந்த தலித் மாணவர் ஒருவர் தொடுத்த வழக்கு அது, அவர் தந்தை தினக்கூலி. ஜூன் 20 அன்று இடம் ஒதுக்கப்பட்டது, ஜூன் 24 மாலை 5 மணிக்குள் 17,500 ரூபாய் கட்டியிருக்க வேண்டும். ஊரார் சேர்த்துக் கொடுத்த பணம் கைக்கு வந்தபோது கெடுவுக்குச் சில நிமிடங்களே மிச்சம். இணையதளத்தில் கட்டணம் ஏறவில்லை. ஜார்க்கண்டில் கதவைத் தட்டி, அந்த ஆண்டு தேர்வை நடத்தியது ஐஐடி மெட்ராஸ் என்பதால் சென்னை உயர் நீதிமன்றம் வரை வந்து, கடைசியில் டெல்லியில்தான் தீர்வு கிடைத்தது. அப்போதைய தலைமை நீதிபதி சந்திரசூட், நீதிபதிகள் பர்திவாலா, மனோஜ் மிஸ்ரா ஆகியோர் அடங்கிய அமர்வு, யாருடைய இடத்தையும் பறிக்காமல் கூடுதலாக ஓர் இடத்தை உருவாக்கி அவரை, முதலில் ஒதுக்கப்பட்ட அதே மின் பொறியியல் வகுப்பில் சேர்க்கச் சொன்னது. தீர்ப்பை வரவேற்கிறோம். ஆனால் நாளேடுகள் கொண்டாடிய அளவுக்குக் கொண்டாட நம்மால் முடியவில்லை.

காரணம், உத்தரவு அரசியலமைப்பின் 142ஆவது பிரிவின் கீழ் வந்தது. அந்தப் பிரிவு ஒரு வழக்கில் முழு நீதி வழங்குவதற்கான சிறப்பு அதிகாரம். அடுத்த மாணவர் அதைக் காட்டி உரிமை கோர முடியாது. 2021 நவம்பரில் ஐஐடி மும்பை வழக்கிலும் இதே பிரிவுதான் கைகொடுத்தது. அங்கும் தலித் மாணவர்தான், அங்கும் கட்டணம் குறித்த நேரத்தில் ஏறாததுதான் சிக்கல், அங்கும் இடம் உருவாக்கித்தான் சேர்த்தார்கள். மூன்று ஆண்டுகளுக்குள் இரண்டு முறை நாட்டின் உச்ச நீதிமன்றம் தன் அசாதாரண அதிகாரத்தை ஒரு சேர்க்கைக் கட்டணத்துக்காக எடுக்க நேர்ந்திருக்கிறது. முதல் தடவையே சேர்க்கை விதியைத் திருத்தியிருந்தால் இரண்டாவது வழக்குக்கு அவசியம் இருந்திருக்காது. விதியை எழுதுகிறவர்கள் இரண்டு உத்தரவையும் இரண்டு தனிமனிதர்களின் துரதிர்ஷ்டமாக எடுத்துக்கொண்டார்கள் போலும்.

இந்த வழக்கில் கவனிக்கப்படாமல் போனது ஒன்று உண்டு. ஐஐடிகள் 2016இல் ஆண்டுப் படிப்புக் கட்டணத்தை 90,000இலிருந்து 2 லட்சமாக உயர்த்தியபோதே பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு அதை முழுமையாக விலக்கிவிட்டன. ஆக நான்கு ஆண்டுப் படிப்புக் கட்டணத்தை அரசு வேண்டாம் என்று சொல்லிவிட்ட ஒரு மாணவர், உள்ளே நுழையும் தொகை நான்கு நாளில் புரளாததால் வெளியே நின்றார். பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில், 2021 நெறிகளின்படி மிக உயர்ந்த பராமரிப்புப் படி, முதல் பிரிவு விடுதி மாணவருக்கு, ஆண்டுக்கு 13,500 ரூபாய். ஒரு முழு ஆண்டுக்கு அரசு அவருக்குத் தேவை என்று கணக்கிட்ட தொகையைவிட அதிகமானதை நான்கு நாளில் கட்டச் சொல்கிறது அதே அரசின் இன்னொரு நிறுவனம். தீர்ப்புக்குப் பிறகு உத்தரப் பிரதேச சமூக நலத்துறை அவருடைய கட்டணத்தை உதவித்தொகை வழியாக ஏற்பதாக அறிவித்தது. நல்லதுதான். ஜூன் மாதத்திலும் பணம் இருந்தது, திட்டம் இருந்தது, தகுதியும் இருந்தது என்பதைத்தான் அந்த அறிவிப்பு உறுதிசெய்கிறது. இல்லாதது ஒன்றே: அந்தப் பணம் ஜூன் 24க்குள் வந்து சேர ஒரு வழி.

இந்த இதழ் உதவித்தொகையின் அளவைவிட அது வந்து சேரும் நாளைப் பற்றியே அதிகம் எழுதி வந்திருக்கிறது. சலித்துக்கொள்ளும் வாசகர்களும் உண்டு. ஆனாலும் இதை மறுபடி சொல்ல வேண்டியிருக்கிறது. நம் உதவித்தொகை முறையில் தாமதம் ஒரு கோளாறு அல்ல, அதுவே அமைப்பு. மாணவர் முதலில் சேர வேண்டும். சேர்ந்தபின் போனஃபைடு சான்றிதழ் வாங்கி விண்ணப்பிக்க வேண்டும். கல்லூரி சரிபார்த்து, மாவட்டம் சரிபார்த்து, மாநிலம் ஒப்புதல் தந்த பிறகு மாநிலத்தின் 40 சதவீதம் விழும். அது விழுந்ததை உறுதிசெய்துகொண்டு மத்திய அரசின் 60 சதவீதம் மாணவரின் ஆதார் இணைந்த கணக்குக்கு வரும். 2020 டிசம்பர் 23 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்ட ஏற்பாடு இது. ஐந்து ஆண்டுக்கு 59,048 கோடி, அதில் மத்தியப் பங்கு 35,534 கோடி. கமிட்டட் லயபிலிட்டி என்ற பெயரில் மாநிலங்களின் தலையில் சுமையை ஏற்றிய பழைய முறையை ஒழித்ததற்காக அந்த முடிவை நாம் அப்போது பாராட்டினோம், இப்போதும் பாராட்டுகிறோம். ஆனால் மத்திய நிதியாவது குறித்த காலத்தில் வந்துவிடும் என்று நம்பியது நடக்கவில்லை. மாநிலம் தன் பங்கைத் தள்ளிப்போட்டால் மத்தியப் பங்கும் கூடவே நிற்கிறது. இரண்டு அரசுகளும் ஒன்றையொன்று கைகாட்டுகின்றன. நடுவில் நிற்கும் பிள்ளைக்குக் கல்லூரி மூன்றாவது நினைவூட்டலை அனுப்புகிறது.

வழிகாட்டு நெறிகளை எழுதியவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. 2021 மார்ச் நெறிகளில் ஃப்ரீஷிப் கார்டு என்ற ஏற்பாடு அதற்காகவே சேர்க்கப்பட்டது. தகுதியுள்ள மாணவருக்கு மாநிலம் கார்டு தரும்; அதைக் காட்டினால் கல்லூரி படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எதையும் முன்பணமாகக் கேட்காமல் சேர்த்துக்கொள்ள வேண்டும்; உதவித்தொகை கணக்கில் விழுந்த பிறகு மாணவர் கல்லூரிக்குக் கட்டுவார். தாளில் இதைவிடச் சிறந்த விதி கிடையாது. இனி உங்கள் கல்லூரியின் சேர்க்கை மேசையை நினைத்துப் பாருங்கள். இந்த ஆண்டு எத்தனை கார்டுகள் வந்தன? வந்த கார்டை ஏற்று ஒரு ரூபாய்கூட வாங்காமல் ரசீது போட்டவர்கள் எத்தனை பேர்? கார்டு என்றால் என்ன என்று கல்லூரி முதல்வர் கேட்டதாகச் சொல்லும் உதவித்தொகை நோடல் அலுவலர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்வதில் பயனில்லை. கார்டு வழங்குவது யார் கடமை, எந்த நாளுக்குள் வழங்க வேண்டும், ஏற்க மறுத்த கல்லூரிக்கு என்ன நடவடிக்கை, இவை தெளிவாக இல்லாத இடத்தில் விதி வெறும் விருப்பமாகிவிடுகிறது. மாணவரைச் சரிபார்க்க ஆதார் சீடிங், என்பிசிஐ மேப்பிங், பயோமெட்ரிக் என்று ஒன்றன்மேல் ஒன்றாகத் தடுப்புக் கட்டத் தெரிந்த துறைகளுக்கு, கல்லூரியைச் சரிபார்க்க ஒரே ஒரு கேள்வி கேட்கத் தோன்றவில்லை: கார்டு வைத்திருந்த எத்தனை பேரிடம் முன்பணம் வாங்கினீர்கள்? விண்ணப்பத்தில் ஒரு பெயரின் முதலெழுத்து மாறினால் மாணவருக்குத் திருப்பி அனுப்பும் அதே தளத்தில் கல்லூரிக்கு இந்தக் கட்டம் ஏன் இல்லை என்று எந்தச் செயலரும் நமக்குச் சொன்னதில்லை.

எதிர்வாதங்கள் உண்டு, அவற்றில் ஒன்று வலுவானது. சேர்க்கைக் கட்டணம் இல்லாவிட்டால் ஒருவரே பல இடங்களைப் பிடித்துவைப்பார், காத்திருப்போர் பட்டியலில் இருப்பவர்கள் தவிப்பார்கள் என்பது. கலந்தாய்வு நடத்துகிறவர்களின் அனுபவம் இதற்குப் பின்னால் இருக்கிறது, அதை அலட்சியம் செய்யக் கூடாது. ஆனால் இடத்தை ஏற்கிறேன் என்று சொல்வதற்கான கெடுவும், பணத்தைக் கட்டுவதற்கான கெடுவும் ஒரே நிமிடத்தில் முடிய வேண்டும் என்பதற்கு என்ன காரணம்? முதலாவது கறாராக இருக்கட்டும். இரண்டாவதை, சாதிச் சான்றும் வருமானச் சான்றும் ஏற்கனவே சரிபார்க்கப்பட்ட மாணவருக்கு, உதவித்தொகையில் கழித்துக்கொள்ளலாம். இடம்பிடித்து விளையாடுவதைத் தடுக்கப் பணம் மட்டுமே கருவி என்பதும் சரியல்ல. ஒரு முறை ஐஐடி இடத்தை ஏற்றவர் மறுபடி ஜேஇஇ அட்வான்ஸ்டு எழுத முடியாது என்ற விதி ஏற்கனவே இருக்கிறது. தகுதியைக் கொண்டு தடுக்கும் வழி கையில் இருக்கும்போது, வசதியைக் கொண்டு தடுப்பது ஏழையை மட்டுமே தடுக்கிறது. வசதியுள்ளவர் மூன்று இடத்துக்கும் கட்டிவிட்டு இரண்டை விடுவார்.

இன்னொரு வாதம், முறைகேடு. கல்லூரிகளிடம் நேரடியாகப் பணம் போன காலத்தில் என்ன நடந்தது என்பதற்கு இமாச்சலப் பிரதேசமே போதும். 250 கோடிக்கு மேற்பட்ட உதவித்தொகை மோசடி என்று 2019இல் சிபிஐ வழக்குப் பதிந்தது. 2023இல் சிறுபான்மையினர் நல அமைச்சகம் ஆய்வு செய்த 1,572 நிறுவனங்களில் 830 போலி என்று தெரியவந்தது. எனவே மாணவர் கணக்குக்கே நேரடியாகப் பணம் அனுப்பும் டிபிடி முறையைக் கைவிடச் சொல்லவில்லை. டிபிடி அடைத்தது பணம் ஒழுகும் ஓட்டையை. பணம் வரும் நாளை அது தொடவே இல்லை. மாறாக ஒரு புதிய சிக்கலை உண்டாக்கியது. முன்பு கட்டணப் பாக்கி என்பது கல்லூரிக்கும் அரசுக்கும் இடையிலான கணக்கு. இப்போது மாணவர் கடனாளி. அரசிடம் இருந்து வர வேண்டியதை அரசிடம் கேட்கத் தயங்கும் நிர்வாகம், பதினெட்டு வயதுப் பிள்ளையிடம் கேட்கத் தயங்குவதில்லை; தேர்வு நுழைவுச்சீட்டும் மாற்றுச் சான்றிதழும் அதன் கையில் இருக்கின்றன. பாக்கி தொண்ணூறு நாளைத் தாண்டினால் ஊழியர் சம்பளம் நிற்கும் என்று தனியார் கல்லூரி சொல்வதும் பொய்யல்ல. அதையும் கணக்கில் எடுத்தால்தான் தீர்வு நிலைக்கும்.

தீர்வு கற்பனையில் இல்லை, தமிழ்நாட்டின் சொந்த அனுபவத்தில் இருக்கிறது. 2020 நவம்பரில், மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டின் முதல் கலந்தாய்வில், தனியார் மருத்துவக் கல்லூரிக் கட்டணத்துக்கு அஞ்சி இடத்தை விட்டுக்கொடுத்தவர்கள் இருந்தார்கள். உதவித்தொகைத் திட்டம் அப்போதும் இருந்தது. பின்னால் வரும் பணத்தை நம்பி முன்னால் லட்சங்களைக் கட்ட அவர்களால் முடியவில்லை. நடவு முடிந்தபின் வரும் விதைநெல்லால் யாருக்கு என்ன லாபம். அப்போதைய முதலமைச்சர் பழனிசாமி நவம்பர் 21 அன்று செய்த அறிவிப்பு எளிமையானது: உதவித்தொகை வரும்வரை காத்திருக்க வேண்டாம், தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தில் ஒரு சுழல்நிதி உருவாக்கி அதிலிருந்து கல்லூரிக்கு உடனே கட்டணம் போகும். பிறகு உதவித்தொகை வந்ததும் நிதி நிரம்பும். அரசின் மொத்தச் செலவு ஒரு ரூபாய்கூடக் கூடவில்லை. கூடியது சில மாதங்களுக்கான முன்பணம் மட்டுமே. இரண்டே நாளில் எடுக்க முடிந்த முடிவு அது. 2024 வரையிலும் அதைக் கலை அறிவியல், பாலிடெக்னிக் மாணவர்களுக்கு விரிவாக்க எந்த ஆட்சிக்கும் நேரம் கிடைக்கவில்லை. நிதித்துறை இதை மறுத்துச் சொன்ன காரணம் எதையும் நாம் பார்த்ததில்லை. மறுக்கக்கூட இல்லை என்பதுதான் கோபத்தைக் கிளப்புகிறது. முன்பணத்துக்கான வட்டியை இன்று யாரோ ஒருவர் சுமந்துகொண்டுதான் இருக்கிறார். ஊர்க் கந்துவட்டிக்காரரிடம் மாதம் நூற்றுக்கு ஐந்து வட்டிக்கு வாங்கும் குடும்பம் அது. கருவூலம் அதைவிடக் குறைந்த வட்டியில் கடன் வாங்கும் என்பதை நிதித்துறைக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை.

தீர்ப்பு வந்து ஐந்து வாரம் கழித்து, நவம்பர் 6 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்டது பிஎம் வித்யாலட்சுமி கல்விக் கடன் திட்டம். 3,600 கோடி, 860 நிறுவனங்கள், பிணையமோ ஜாமீனோ இல்லாத கடன், 7.5 லட்சம் வரை 75 சதவீத உத்தரவாதம். கடன் வேண்டியவர்களுக்கு இது உதவும், மறுக்கவில்லை. ஆனால் 8 லட்சம் வரை வருமானமுள்ள குடும்பத்துக்கான 3 சதவீத வட்டிச் சலுகை, வேறு அரசு உதவித்தொகைக்குத் தகுதியில்லாதவர்களுக்கே. வரவிருக்கும் உதவித்தொகையை நம்பி இடைக்காலத்துக்குக் கடன் எடுக்கும் நம் மாணவர் அந்தச் சலுகைக்குள் வரமாட்டார். கடனுக்கு 8 லட்சம் வருமானம்கூட எளிய குடும்பம். போஸ்ட் மெட்ரிக்குக்கு 2013இல் வைத்த 2.5 லட்ச வரம்பு 2024இலும் அப்படியே நின்றது. இந்த முரண் தனிக் கட்டுரைக்கு உரியது. இங்கே சொல்ல வேண்டியது, 17,500 ரூபாய்க்கான கேள்விக்கு லட்சங்களில் கடன் பதிலாகாது என்பது மட்டுமே.

2021 போஸ்ட் மெட்ரிக் நெறிகளின் காலம் 2025-26 வரைதான். அடுத்த நெறிகளுக்கான வரைவு அமைச்சகத்தில் தயாராகும்போது அதில் மூன்று வரிகள் இருக்க வேண்டும் என்று கோருகிறோம்: பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வருவதற்கு முன்பே ஃப்ரீஷிப் கார்டு மாணவர் கையில் இருக்க வேண்டும், ஐஐடி சேர்க்கைக்கான ஜோசா உட்பட எல்லாக் கலந்தாய்வுத் தளங்களும் கார்டு எண்ணைக் கட்டணத்துக்கு ஈடாக ஏற்க வேண்டும், ஒவ்வொரு மாநிலமும் தன் 40 சதவீதத்தின் ஒரு பகுதியைச் சுழல்நிதியாக ஜூன் 1க்குள் ஒதுக்கி, அதை ஒதுக்கிய நாளிலிருந்தே மத்தியப் பங்கு விடுவிக்கப்பட வேண்டும். அதுவரை, சேர்க்கைக்கு உட்காரும் நோடல் அலுவலர்கள் ஒன்று செய்யலாம். 2021 நெறிகளின் ஃப்ரீஷிப் பகுதியை நகலெடுத்துச் சேர்க்கை மேசையில் ஒட்டுங்கள். முன்பணம் வாங்கச் சொல்லும் நிர்வாகத்திடம் அந்த உத்தரவை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் தரப்பட்டதன் நகலை எங்களுக்கு அனுப்புங்கள். நிறுவனப் பெயருடன் பிரசுரிப்போம்.