குளித்த தண்ணீர் எங்கே போகிறது?

சென்ற இதழில் எங்கள் படகு அடுக்களையைப் பற்றி எழுதினாலும் எழுதினேன், "அடுக்களை சரி, குளியல் எப்படி?" என்று சகோதரிகள் பலர் கேட்டு எழுதிவிட்டார்கள். "கடல்லயே இருக்கீங்க, உங்களுக்கென்ன தண்ணிப் பஞ்சம்!" என்று ஒரு சகோதரி கேலியும் செய்திருந்தார். பஞ்சம்தான் அம்மா! உப்புத் தண்ணீரின் நடுவில் இருப்பவளுக்குத்தான் நல்ல தண்ணீரின் அருமை தெரியும். ஆனால் இந்தத் தடவை வருகிற தண்ணீரைப் பற்றி எழுதப்போவதில்லை. குளித்து முடித்தபின் போகிற தண்ணீரைப் பற்றித்தான். அது சரியாகப் போகாததால் ஒரு ராத்திரி எங்கள் படகே முழுகப் பார்த்தது.

புதிதாகப் படிக்கும் சகோதரிகளுக்காக இரண்டு வரி. நான் தூத்துக்குடிக்காரி, பள்ளிப் படிப்போடு சரி. என்னவர் கப்பலில் என்ஜினீயராக இருந்தவர். இப்போது மலேசியாவில் லங்காவித் தீவில் பாய்மரப் படகுகளைப் பழுதுபார்க்கிறார். 36 அடி நீளமுள்ள பழைய பாய்மரப் படகு ஒன்றுதான் எங்களுக்கு வீடு, வாசல், தோட்டம் எல்லாம். மாமியார் எங்களோடு இருக்கிறார். மகள் கல்லூரி விடுமுறைக்கு வருவாள்.

என் தாத்தா தூத்துக்குடித் தோணியில் கொழும்புக்குச் சரக்கு கொண்டுபோனவர். தோணியில் குளிப்பதென்றால் மேல்தளத்தில் நின்று வாளியில் மொண்டு ஊற்றிக்கொள்வதுதான். தண்ணீர் தன்பாட்டில் கடலுக்கு ஓடிவிடும். இந்த மாதிரிப் படகில் குளியலறை கீழே, படகின் வயிற்றுக்குள் இருக்கிறது. அதன் தரை கடல் மட்டத்துக்கும் கீழே. வீட்டில் போல ஒரு ஓட்டை போட்டுவிட்டால் அழுக்குத் தண்ணீர் வெளியே போகாது, கடல்தான் உள்ளே வரும்! ஆகவே குளித்த தண்ணீரைப் பம்பு வைத்துத் தூக்கி வெளியே தள்ளவேண்டும்.

எங்கள் படகைக் கட்டியவர்கள் அதற்கென்று தனிப் பம்பு வைக்கவில்லை. பழைய படகுகள் பலவற்றில் இப்படித்தான். தரைப் பலகைக்குக் கீழே படகின் அடியில் ஒரு பள்ளம் இருக்கும், பில்ஜ் என்பார்கள். எங்கே கசிந்தாலும் தண்ணீர் அங்கேதான் சேரும். அதை இறைக்க ஒரு பம்பும், தண்ணீர் ஏறினால் தானாகப் பம்பை ஓட்டிவிடும் மிதவை சுவிட்சும் உண்டு. குளித்த தண்ணீரையும் அதே பள்ளத்தில் விட்டிருந்தார்கள். "ஏன் வீணா இன்னொரு பம்பு? இதுவே போதும்" என்று அவரும் இருந்துவிட்டார். நானும் வாயைத் திறக்கவில்லை. நாற்றம் வந்தபோதுகூட சாம்பிராணி போட்டேனே தவிர, பலகையைத் தூக்கிப் பார்க்கவில்லை.

போன வருஷம் மழைக்காலம். மகள் வந்திருந்தாள். ராத்திரி இரண்டு மணிக்கு அத்தைக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கலாம் என்று கட்டிலைவிட்டுக் காலை இறக்கினேன். கணுக்கால்வரை தண்ணீர்! "என்னங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் மூன்று பேரும் எழுந்துவிட்டார்கள். அவர் கைப்பம்பை அடிக்க, நானும் மகளும் வாளியால் மொண்டு ஊற்ற, விடியும்வரை அதே வேலை. அத்தை படுக்கையில் உட்கார்ந்து முருகனைக் கூப்பிட்டபடி இருந்தார். பிற்பாடு பார்த்தால், படகின் சுழலித் தண்டு வெளியே போகுமிடத்தில் சாதாரணமாக நிமிஷத்துக்குச் சில சொட்டு கசிவது அன்று கூடிவிட்டது. அது பெரிய ஆபத்தே இல்லை, பம்பு ஓடியிருந்தால்! பம்பு ஓடவில்லை. மிதவையைச் சுற்றியும், பம்பின் வாயிலும் தேங்காய் அளவுக்கு ஒரு முடிச்சுருள். சோப்பு அழுக்கோடு பிசைந்து வைத்தாற்போல் இருந்தது. என் முடி, மகளின் நீள முடி, அத்தையின் வெள்ளை முடி எல்லாம் அதில் இருந்தன. அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

படகில் குடியிருக்கும் சகோதரிகள் இதைப் படித்தால் ஒன்று மட்டும் செய்யுங்கள். குளித்த தண்ணீரை அந்தப் பள்ளத்தில் விடாதீர்கள். உயிரைக் காக்கும் பம்புக்கு முடியைத் தீனியாகப் போடக்கூடாது.

மறு வாரமே அவர் ஒரு புதுப் பம்பு வாங்கிவந்தார். லங்காவி 1987 முதல் தீர்வையில்லாத் தீவு. கடைக்குப் போனால் ஆண்களுக்குக் கை நிற்காது. பிளாஸ்டிக் பெட்டி, அதற்குள் ஒரு சின்ன மூழ்கு பம்பு, ஒரு மிதவை, ஒரு சல்லடை. அட்டையில் 'மணிக்கு 750 கேலன்' என்று பெரிதாகப் போட்டிருந்தது. அதாவது ஏறத்தாழ 2,800 லிட்டர். எங்கள் டேங்கு மொத்தமே 300 லிட்டர்! அவ்வளவையும் ஏழு நிமிஷத்துக்குள் இறைத்துவிடும் பம்பு எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. அந்தக் கணக்கும் மேலே தூக்காமல், தடையில்லாமல் ஓடினால்தானாம். ஒரு மீட்டர் உயரம் ஏற்றி, ஒடுங்கிய குழாய்வழியே தள்ளினால் நன்றாகக் குறைந்துவிடும்.

உண்மையில் எவ்வளவு தேவை என்று நானே பார்த்தேன். 10 லிட்டர் வாளியை ஷவருக்கடியில் வைத்துத் திறந்து கடிகாரத்தைப் பார்த்தேன். நிரம்ப ஒரு நிமிஷம் நாற்பது விநாடி ஆனது. ஆக, நிமிஷத்துக்கு 6 லிட்டர். வருவதைவிட இரண்டு மடங்கு போனால் தாராளம். இந்த வாளிக் கணக்கை நீங்களும் செய்து பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

பெட்டிப் பம்பு கெட்டது என்று சொல்லமாட்டேன். விலை மலிவு, பொருத்துவது சுலபம், முடி குட்டையாக உள்ள இரண்டு பேர் இருக்கும் படகுக்குப் போதும். எங்களுக்கு ஒத்துவரவில்லை. பம்பு நின்றதும் குழாயில் நின்ற தண்ணீர் திரும்பப் பெட்டிக்கே இறங்கிவிடும். அந்தச் சோப்புத் தண்ணீர் இரண்டு நாளில் அழுகின முட்டை மாதிரி நாறும். வாரம் ஒருமுறை நான் குப்புறப் படுத்து, கையைத் தோள்வரை நுழைத்து, சல்லடையிலிருந்து முடியைப் பிய்த்தெடுப்பேன். வாங்கினவர் அவர், குப்புறப் படுப்பவள் நான்! மூன்றாம் மாதம் மிதவையில் முடி சுற்றி, பம்பு நிற்காமல் ஓடி, கருகிவிட்டது.

அப்போதுதான் நான் சொன்னேன்: "இந்தத் தடவை நான்தான் பார்த்து வாங்குவேன்." அவர் சிரித்தார், ஆனால் தடுக்கவில்லை.

பக்கத்துப் படகில் நியூசிலாந்துக்கார அம்மா ஒருவர் இருக்கிறார், வயது எழுபதுக்கு மேல். அவரிடம் போய்க் கேட்டேன். கைகழுவும் தொட்டிக்கடியில், ஈரமில்லாத இடத்தில், நின்றபடியே தொடும் உயரத்தில் தன் பம்பைக் காட்டினார். அது உதரவிதானப் பம்பு. நாம் மூச்சு விடும்போது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே ஒரு தசை ஏறி இறங்குகிறதல்லவா, அதுபோல ஒரு ரப்பர் தகடு ஏறி இறங்கித் தண்ணீரை இழுத்துத் தள்ளும். நிமிஷத்துக்கு 14 லிட்டர்தான். ஆனால் தூரத்திலிருந்தே தண்ணீரைத் தானாக இழுக்கும். தண்ணீர் தீர்ந்து வெறுமனே ஓடினாலும் கெடாது. வால்வு பெரிதானால் முடியும் கடந்து போய்விடும். 'டப், டப்' என்று சத்தம் போடும் என்பது ஒன்றுதான் குறை.

கடைக்காரர் ரப்பர் இதழ்ச் சக்கரம் வைத்த பம்பு ஒன்றையும் காட்டினார். நல்ல வலுவான பம்புதான். ஆனால் அந்தச் சக்கரத்துக்குத் தண்ணீர்தான் எண்ணெய் மாதிரி. வறண்டு ஓடினால் கொஞ்ச நேரத்தில் இதழ்கள் பொசுங்கிப் பிய்ந்துவிடும். குளியலறையில் கடைசிச் சொட்டுவரை உறிஞ்சவேண்டும், அப்போது வறண்டு ஓடாமல் எப்படி? வேண்டாம் என்றேன். குழாய்க்குத் தண்ணீர் அனுப்பும் பம்பையே இதற்கும் வைக்கலாமா என்று அவர் கேட்டார். அதன் வால்வுகள் மிகச் சின்னவை, இரண்டு முடி போதும் அடைத்துக்கொள்ள.

நம்மைப் போன்றவர்களுக்கு இன்னொரு கேள்வியும் உண்டு, எந்தக் கடைக்காரரும் தானாகச் சொல்லமாட்டார். வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல்! ரப்பரில் பல ஜாதி. நைட்ரைல் என்பது எண்ணெய்க்குத் தாங்கும். ஈ.பி.டி.எம். என்பது எண்ணெய் பட்டால் ஊதிப்போகும். தகடும் வால்வும் எந்த ரப்பர் என்று கேட்டேன். கடைக்காரர் விழித்தார், பிறகு புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து நைட்ரைல் என்றார். சீயக்காய்த் தூளை மட்டும் நிறுத்திவிட்டேன். அதன் திப்பி வால்வில் உட்கார்ந்துகொள்ளும். இப்போது சீயக்காயை வேகவைத்து வடிகட்டிய சாறுதான்.

பம்பை மட்டும் மாற்றினால் போதாது. பழைய குழாய் உள்ளே வரிவரியாக இருந்தது, ஒவ்வொரு வரியிலும் முடி. உள்பக்கம் வழவழப்பான 19 மில்லிமீட்டர் குழாயாக மாற்றினோம். வெளியே போகும் குழாயை நன்றாக மேலே தூக்கி ஒரு வளைவு கொடுத்து, வளைவின் உச்சியில் காற்று வால்வு ஒன்று வைத்தார். படகு காற்றில் சாயும்போது வெளி ஓட்டை கடலுக்குள் போய்விடும், அப்போது கடல் திரும்பி உள்ளே வராமலிருக்க இது. மின்கம்பியையும் பார்த்தோம். பாட்டரியில் 12.6 வோல்ட் இருந்தது. ஆனால் பம்பு ஓடும்போது பம்பண்டை 10 தான். இணைப்புகள் பச்சை பூத்துக் கிடந்தன. கம்பியை மாற்றாதிருந்தால் புதுப் பம்பும் முனகிக்கொண்டுதான் இருந்திருக்கும்.

மிதவையே வைக்கவில்லை. கையால் அழுத்திப் பிடித்தால்தான் ஓடும் சுவிட்சு ஒன்று, குளியலறைக் கதவருகே. விட்டால் நின்றுவிடும், மறந்துபோய்ப் பாட்டரி தீராது. தொட்டியிலிருந்து பம்புக்குப் போகும் வழியில் கண்ணாடிபோல் தெரியும் ஒரு வடிகட்டிக் கிண்ணம். கையாலேயே திருகிக் கழற்றலாம். முடி சேர்வது வெளியிலிருந்தே தெரிகிறது. குளித்து முடித்ததும் அரை வாளி நல்ல தண்ணீர் ஊற்றி இறைத்துவிட்டால் நாற்றம் இல்லை. சாக்கடை அடைப்பு நீக்கும் காரத்தூளை இதில் போடவே கூடாது, ரப்பர் போய்விடும். பிளீச்சிங் நீரையும் வினிகரையும் எந்தக் காலத்திலும் சேர்த்து ஊற்றாதீர்கள். விஷவாயு வரும், அதுவும் படகின் சின்னக் குளியலறையில் ஆளையே சாய்த்துவிடும்.

மாற்று ரப்பர்த் தகடும் வால்வும் உள்ள பொட்டலம் ஒன்றும் வாங்கி, பிஸ்கட் டப்பாவில் போட்டு, மேலே 'குளியல் பம்பு' என்று எழுதி வைத்திருக்கிறேன். பழகட்டும் என்று ஒருமுறை நானே பம்பைக் கழற்றி மாட்டினேன். எட்டுத் திருகுதான், அவர் பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தார்.

அந்த வெள்ளிக்கிழமை அத்தைக்குத் தலைக்கு எண்ணெய் வைத்து ஊற்றினேன். சுவிட்சை அவரையே அழுத்தச் சொன்னேன். கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "ஏம்மா, உரல்ல இடிக்கிற மாதிரியில்ல இருக்கு?" என்றார்.