முதல் ஸ்னோமொபைல்: குதிரைத்திறனை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்

மலையில் ஓட்டுவதற்கு முதல்முறையாக ஸ்னோமொபைல் வாங்கப் போகிறவர் யாரிடம் யோசனை கேட்டாலும் அநேகமாக ஒரே பதில்தான் கிடைக்கும். "சின்ன வண்டி ரெண்டு மாசத்தில் சலித்துவிடும், கொஞ்சம் கடன் வாங்கியாவது பெரிசா எடுத்துடு." முதல் பைக் வாங்கும் பையன்களுக்குக் கிடைக்கும் அதே அறிவுரை. பைக் விஷயத்திலேயே அது அரைகுறை அறிவுரைதான். அமெரிக்காவின் ராக்கி மலைகளிலும் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்திலும் அது ஆளையே காவு வாங்கக்கூடிய அறிவுரை.

ஸ்னோமொபைலைப் பார்க்காதவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். முன்னால் திருப்புவதற்கு இரண்டு ஸ்கீக்கள். பின்னால் சக்கரத்துக்குப் பதில் முடிவில்லாமல் சுற்றும் ஒரு ரப்பர் பெல்ட், அதற்கு டிராக் என்று பெயர். நடுவில் என்ஜின், அதன்மேல் பைக் மாதிரி சீட்டும் ஹேண்டில்பாரும். கனடாவின் கியூபெக் மாகாணத்துக்காரரான ஜோசப் அர்மாண்ட் பாம்பார்டியர் 1959இல் ஸ்கீ-டூ என்ற சிறிய வண்டியை விற்கத் தொடங்கிய பிறகுதான் இது சாதாரண மக்களின் பொழுதுபோக்காகப் பரவியது. சமதளப் பாதையில் ஓட்டுவதற்கு ஒரு வகை, மலையில் இடுப்பளவு புதுப்பனியில் ஓட்டுவதற்கு வேறு வகை. இங்கே பேச்சு இரண்டாவது வகையைப் பற்றி மட்டும்.

மலை வண்டியை அடையாளம் காட்டுவது அதன் டிராக். சமதள வண்டிகளின் டிராக் சுற்றளவு பெரும்பாலும் 120 முதல் 137 அங்குலம். அதில் உள்ள ரப்பர் துடுப்புகளின் உயரம் ஒன்று, ஒன்றேகால் அங்குலம். மலை வண்டிகளில் டிராக் 146 அங்குலத்தில் ஆரம்பித்து 175 வரை போகிறது, துடுப்புகள் இரண்டரை முதல் மூன்று அங்குலம். நீளம் கூடக் கூட வண்டி பனியில் மிதக்கும், ஏறும். ஆனால் மரங்களுக்கு நடுவே வளைத்துத் திருப்புவது கஷ்டமாகும். முதல் வண்டிக்கு 154, 155 அங்குலம் நல்ல நடுவழி. காசு கம்மி என்று பழைய சமதள வண்டியை வாங்கிக்கொண்டு மலைக்குப் போகிறவர் நாள் முழுக்கப் பனியைத் தோண்டிக்கொண்டே இருப்பார். ஆக, "எதையாவது மலிவாக வாங்கு" என்பதும் சரியில்லை. மலைக்கென்றே செய்த, அடக்கமான, ஏற்கெனவே ஒருவர் ஓட்டிய வண்டி. அதுதான் இந்தக் கட்டுரை சொல்ல வருவது.

அடுத்தது என்ஜின். மலை வண்டிகளில் பெரும்பாலும் டூ ஸ்ட்ரோக் என்ஜின்கள், எடை குறைவு என்பதால். 600 சிசி வகை சுமார் 120, 125 குதிரைத்திறன் தரும். 850 சிசி வகை 165 அளவில் தரும். பெரிய வண்டிக்கு வாதாடுகிறவர்கள் இங்கே ஒரு நியாயமான விஷயம் சொல்கிறார்கள். உயரே போகப் போகக் காற்று மெலிகிறது, ஒவ்வொரு 1,000 அடிக்கும் என்ஜின் தன் சக்தியில் ஏறக்குறைய 3 சதவீதத்தை இழக்கிறது. வயோமிங் மாநிலத்தில் உள்ள டோக்வோட்டி கணவாயின் உயரம் 9,658 அடி. 9,000 அடியில் 165 குதிரைத்திறன் 120 ஆகிவிடும், 120 குதிரைத்திறன் 90க்குக் கீழே போய்விடும். இந்த இழப்பை ஈடுகட்டத்தான் ஸ்கீ-டூ 2020 மாடலில் தொழிற்சாலையிலேயே டர்போ பொருத்திய டூ ஸ்ட்ரோக் வண்டியைக் கொண்டுவந்தது. 8,000 அடி வரை 165 குதிரைத்திறன் குறையாது என்பது அதன் விளம்பரம்.

எனவே எங்கே ஓட்டப்போகிறார் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். பிரிட்டிஷ் கொலம்பியாவின் ரெவல்ஸ்டோக் ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 அடியில்தான் இருக்கிறது. அங்கே மலைமேல் ஓட்டும் இடங்களும் கொலராடோ, வயோமிங் அளவுக்கு உயரமில்லை. அங்கே 600 தாராளமாகப் போதும். 9,000, 10,000 அடியில் ஓட்டுகிறவர், அதுவும் ஆள் கொஞ்சம் கனமானவர் என்றால், பழைய 800 அல்லது 850 எடுப்பதைத் தப்புச் சொல்ல முடியாது. டர்போ மட்டும் முதல் வண்டியாக எவருக்கும் வேண்டாம்.

ஏன் வேண்டாம்? ஓட்டும் திறமையும் பனியைப் படிக்கும் அறிவும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. வண்டியை ஒரு பக்கமாகச் சாய்த்து மலையின் குறுக்கே ஓட்டுவது, உடம்பை எங்கே வைப்பது, எப்போது ஆக்ஸிலேட்டரை விடுவது, இதெல்லாம் நாலைந்து நாள் விழுந்து எழுந்தால் கொஞ்சம் கைக்கு வந்துவிடும். தப்பாகச் செய்தால் வண்டி உடனே கவிழும், புதையும். அந்த நிமிடமே பாடம் கிடைக்கிறது. பனிச்சரிவு அப்படியில்லை. ஆபத்தான ஒரு ஏற்றத்தில் பத்து தடவை ஏறி இறங்கினாலும் ஒன்றும் ஆகாமல் இருக்கலாம். அந்தப் பத்து தடவையும் அவர் சரியாகத்தான் செய்தார் என்று மனசு முடிவு கட்டிவிடும். பதினோராவது தடவையில்தான் பதில் வரும்.

பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி சாய்வில்தான் கிளம்புகின்றன. சக்தி குறைந்த வண்டியில் போகும் புதியவர் அந்தச் சாய்வின் அடியிலேயே மூச்சு வாங்கி நின்றுவிடுவார். சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் டர்போ வண்டி அதே ஆளை முதல் வாரத்திலேயே அந்தச் சாய்வின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தும். கட்டைவிரலால் ஒரு லீவரை அழுத்தியதைத் தவிர அங்கே போய்ச் சேர அவர் எதையும் கற்றிருக்க வேண்டியதில்லை. முதல் வண்டியின் சக்தி இந்த இரண்டு அறிவில் மெதுவாக வளர்வதோடு ஒத்துப்போக வேண்டும்.

இது வெறும் பயமுறுத்தல் என்று நினைப்பவர்கள் இரண்டு தேதிகளைப் பார்க்கலாம். 2008 டிசம்பர் 28. பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஃபெர்னி அருகே 11 பேர் ஸ்னோமொபைல் ஓட்டப் போனார்கள். எல்லாரும் பக்கத்து ஊரான ஸ்பார்வுட்காரர்கள். ஒரு பனிச்சரிவு அவர்களில் ஒரு குழுவை மூடியது. மற்றவர்கள் வந்து தோண்டிக்கொண்டிருந்தபோது மறுபடியும் பனி சரிந்து அவர்களையும் மூடியது. 8 பேர் இறந்தார்கள். அடுத்தது 2010 மார்ச் 13. ரெவல்ஸ்டோக் அருகே போல்டர் மலையில் யார் எவ்வளவு உயரம் ஏறுகிறார்கள் என்று பார்க்கக் கூட்டம் கூடியிருந்தது. பனி சரிந்து கூட்டத்தின் மேலேயே இறங்கியது. 2 பேர் இறந்தார்கள், சுமார் 30 பேர் காயமடைந்தார்கள். இந்த இரண்டு இடத்திலும் இன்னும் பெரிய என்ஜின் இருந்திருந்தால் எதுவும் மாறியிருக்காது.

சரி, காசு விஷயம். புது மலை வண்டி இன்று 15,000 அமெரிக்க டாலரைச் சாதாரணமாகத் தாண்டுகிறது, டர்போ மாடல்கள் 20,000ஐத் தொடுகின்றன. கம்பெனிகள் வசந்த காலத்திலேயே அடுத்த சீசனுக்கு முன்பதிவு வாங்குகின்றன. விரும்பிய நிறம், விரும்பிய டிராக், கூடுதல் உத்தரவாதம் என்று ஆசை காட்டுகின்றன. ஏற்கெனவே ஓட்டிப் பழகியவருக்கு இது நல்ல திட்டம். தனக்கு எது வேண்டும் என்றே தெரியாதவர் அடுத்த டிசம்பரில் வரப்போகும் வண்டிக்கு ஏப்ரலில் அட்வான்ஸ் கட்டுவதில் என்ன அர்த்தம்? புது வண்டியின் மதிப்பு முதல் இரண்டு மூன்று சீசனில்தான் வேகமாகச் சரிகிறது. அந்தத் தேய்மானத்தை வேறொருவர் ஏற்றுக்கொண்ட பிறகு, ஐந்தாறு வருட வண்டியை வாங்கினால் இரண்டு சீசன் ஓட்டிவிட்டுப் பெரிய நஷ்டமில்லாமல் விற்கலாம். வாங்க நல்ல நேரம் பனி உருகும் காலமும் கோடையும். முதல் பனி விழுந்ததும் விலை ஏறிவிடும்.

உதாரணத்துக்கு, ஒருவரிடம் 15,000 டாலர் இருக்கிறது. புது வண்டி வாங்கினால் அதோடு எல்லாம் தீர்ந்தது. 8,000 டாலருக்குப் பழைய வண்டி வாங்கினால் 7,000 மீதி. இதில் பீக்கன், புரோப் கம்பி, மடக்கு ஷவல் மூன்றும் சேர்த்து 500, 600 டாலர். பனிச்சரிவில் கைப்பிடியை இழுத்தால் ஊதி ஆளை மேலே மிதக்கவைக்கும் ஏர்பேக் பை சுமார் 1,000 டாலர். பனிச்சரிவு பாதுகாப்பு வகுப்பு சில நூறு டாலர். ஹெல்மெட், உடை, பூட்ஸ், டிரெய்லர், உதிரி பெல்ட், ஆயில் எல்லாம் போகக் கையில் கொஞ்சம் மிஞ்சும். புது வண்டி வாங்கியவர் இதையெல்லாம் "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடுவார். அந்தத் தள்ளிப்போடல்தான் இந்தக் கணக்கில் உண்மையான செலவு.

பழைய வண்டி என்றால் எதையும் வாங்கிவிடலாம் என்று அர்த்தமில்லை. 2010களின் நடுவில் மலை வண்டிகள் நன்றாக மாறின. போலாரிஸ் ஆர்எம்கே வண்டிகளில் 2016இல் ஆக்ஸிஸ் சேசிஸும், ஸ்கீ-டூ சம்மிட் வண்டிகளில் 2017இல் நான்காம் தலைமுறை சேசிஸும் வந்தன. இவற்றைச் சாய்த்து ஓட்டுவது முந்தைய வண்டிகளைவிடச் சுலபம். பட்ஜெட் அனுமதித்தால் இந்தப் பக்கமே நிற்பது நல்லது.

பார்க்கும்போது என்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் குளிரில் ஸ்டார்ட் ஆகுமா என்பது தெரியாது. கம்ப்ரெஷன் சோதனையில் இரண்டு சிலிண்டர்களும் ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும். டிராக்கில் துடுப்புகள் பிய்ந்திருக்கின்றனவா, முன்பக்க சஸ்பென்ஷன் கைகள் வளைந்திருக்கின்றனவா, சீட்டுக்குக் கீழே உள்ள அலுமினியக் கூடு நசுங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஓடிய மைல் கணக்கை மட்டும் நம்பக்கூடாது, மலையில் ஓடிய 1,000 மைலும் சமதளத்தில் ஓடிய 1,000 மைலும் ஒன்றல்ல. இன்னொன்று, தாழ்வான ஊரிலிருந்து வந்த வண்டி என்றால் உயரத்துக்கு ஏற்ப கிளட்ச் எடைகளை மாற்ற வேண்டியிருக்கும். இன்றைய எரிபொருள் இன்ஜெக்‌ஷன் உயரத்தைத் தானே சரிசெய்துகொள்ளும், கிளட்ச் செய்துகொள்ளாது. எந்தக் கம்பெனி வண்டி என்பதும் முக்கியம். யமஹா 2023இல் இந்தத் தொழிலிலிருந்து விலகுவதாக அறிவித்து 2025 மாடலோடு நிறுத்திக்கொண்டது. ஆர்க்டிக் கேட் 2025இல் கைமாறியது. பக்கத்தில் சர்வீஸ் செய்ய டீலர் இருக்கிறாரா என்று விசாரித்துவிட்டு விலை பேசுவது புத்திசாலித்தனம்.

"சக்தி இருந்தால் ஆபத்திலிருந்து தப்பித்து ஓடலாமே?" என்று ஒரு வாதம் உண்டு. சில சமயம் உண்மைதான், அனுபவசாலிகள் அப்படித் தப்பியிருக்கிறார்கள். ஆனால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று அந்த இரண்டு நொடியில் தெரிந்தவருக்குத்தான் அந்தச் சக்தி உதவும். புதியவர் பயத்தில் லீவரை அழுத்தினால் மூன்று அங்குலத் துடுப்புகள் பள்ளம் தோண்டி 200 கிலோவுக்கு மேற்பட்ட வண்டியை அங்கேயே புதைத்துவிடும்.

புதைந்த ஆளை உயிரோடு எடுக்க இருக்கும் நேரம் மிகக் குறைவு. முதல் 10, 15 நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு, அதற்குப் பிறகு வாய்ப்பு சரசரவென்று இறங்கிவிடும். ஹெலிகாப்டர் வரும் வரை காத்திருக்க முடியாது. கூட வந்தவர்கள்தான் தோண்ட வேண்டும். ஒருவர் கட்டியிருக்கும் பீக்கன் தானாக அவரைக் காப்பாற்றாது, நண்பரின் கையில் உள்ள பீக்கனும் அவருக்கு அதைப் பயன்படுத்தத் தெரிந்திருப்பதும்தான் காப்பாற்றும். அதனால்தான் வகுப்பு முக்கியம். கனடாவில் ஏஎஸ்டி 1 என்ற ஆரம்ப வகுப்பு இரண்டு நாள்தான். ஸ்னோமொபைல்காரர்களுக்கென்றே நடத்தும் வகுப்புகளும் உண்டு. ஐந்து நிலைகள் கொண்ட பனிச்சரிவு அபாய அறிவிப்பைப் படிப்பது, ஏற்றத்தில் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் போவது, மாட்டிக்கொண்ட நண்பருக்கு உதவுகிறேன் என்று இன்னொரு வண்டியை அதே சாய்வில் ஏற்றாமல் இருப்பது, எல்லாம் அங்கே சொல்லித் தருகிறார்கள். இதில் எதற்கும் குதிரைத்திறன் தேவையில்லை :-)

நண்பர்கள் எல்லாரும் 850இல் போகும்போது ஒருவர் மட்டும் 600இல் பின்னால் போவது கொஞ்சம் கௌரவக் குறைச்சலாகத்தான் இருக்கும். கிண்டல் செய்வார்கள், மேலே காத்திருந்து கை தட்டுவார்கள். இரண்டு சீசன் பொறுத்துக்கொள்ளலாம். அதற்குள் எந்த டிராக் நீளம் பிடிக்கிறது, மரங்களுக்கு நடுவே ஓட்டப் பிடிக்கிறதா திறந்த வெளியா என்பதெல்லாம் தெரிந்துவிடும். அடுத்த வண்டியை விளம்பரம் பார்த்து வாங்க வேண்டியிருக்காது. அபாய அறிவிப்பைப் படித்துவிட்டு, எதிரே உள்ள ஏற்றத்தைப் பார்த்து, "இன்று வேண்டாம்" என்று நண்பர்கள் முன்னால் சொல்லத் தெரிந்த பிறகு அவர் டர்போவே வாங்கட்டும்.