ட்ரோன் வேண்டாம், பென்சில் போதும்



மாணவர் குழு வீடியோப் போட்டி முடிந்து ஒரு கிழமையாகிறது. யாரையும் நோகடிக்க எழுதவில்லை. ஆனால் சொல்லாமல் இருக்க எங்களால் முடியவில்லை.

எங்கள் தரம் 9 பிள்ளைகள் ஐந்து பேர் ஒலுவில் கடலரிப்பைத் தலைப்பாக எடுத்தார்கள். முதல் இரண்டு பாடவேளையும் போனைத் தொடவிடாமல் ஸ்டோரிபோர்ட் கீற வைத்தோம். டிமைத் தாளைப் பன்னிரண்டு கட்டமாகப் பிரித்து, கமரா எதைப் பார்க்கிறது, கிட்டவா தூரவா, யார் பேசுவது, எத்தனை செக்கன் என்று ஒவ்வொரு கட்டத்திலும் குறிப்பதுதான் அது. ஆளைக் குச்சி மாதிரிக் கீறினாலும் போதும்.

அதற்கே ஊரில் பேச்சு: "பாடத்த விட்டுட்டு ஸேர்மார் படம் கீற வைக்கிறாங்க."

அந்தத் தாளில் என்ன நடந்தது என்று கேளுங்கள். நாலாம் கட்டத்தில் துறைமுகம். ஐந்தாம் கட்டத்தில் வேரோடு சாய்ந்த தென்னை. ஒரு பிள்ளை கேட்டது, "இடையில என்ன நடந்த?" யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. தேடிப் படித்தார்கள். கரையோடு வடக்கே நகரும் மணலை அலைதடுப்பு மறிக்கிறது. துறைமுக வாயில் மணலால் மூட, வடக்குக் கரை மணல் கிடைக்காமல் அரிபடுகிறது. 2013 இல் திறந்த துறைமுகத்தைத் தினமும் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அன்றுதான் அதை விளங்கினார்கள். அழித்துவிட்டுப் புதுக் கட்டம் கீறினார்கள்: ஒரு தட்டில் மணல், நடுவில் செங்கல், ஒரு பக்கத்தால் ஊற்றும் தண்ணீர்.

பிறகு சண்டை. ஒருவனின் வாப்பா படகுக்காரர். வாயிலில் மணலைத் தோண்டினால்தான் அவருக்குத் தொழில். ஒருத்தியின் மூத்தாப்பாவின் காணி கடலுக்குள் போய்விட்டது. யாருடைய கதை முதலில்? அரை மணித்தியாலம் வாதாடி, இரண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில், ஒரே அளவு செக்கனோடு வைத்தார்கள். ஊரில் பெரியவர்கள் ஒரு மேசையில் இருந்து பேச முடியாததைப் பிள்ளைகள் பென்சிலால் பேசி முடித்தார்கள்.

அடுத்த கிழமை ஒரு பெற்றோர் ஸ்டூடியோக்காரரைப் பிடித்தார். ட்ரோன் பறந்தது. ஒரு பிள்ளை மட்டும் டை கட்டிப் பேசியது. மற்ற நாலும் பின்னால் நின்றன. தட்டு, செங்கல், மூத்தாப்பா ஒன்றும் இல்லை. மேடையில் நல்ல கைதட்டல். நாங்களும் தட்டினோம். அதுதான் எங்கள் பிழை. கீழே இறங்கியதும் அந்தப் பிள்ளை கேட்டாள், "எங்கட கட்டம் எங்க ஸேர்?" பதில் சொல்ல எங்களிடம் வாய் இல்லை.

ஸ்டோரிபோர்ட் சின்னப்பிள்ளை விளையாட்டு என்பவர்களுக்கு ஒன்று. சத்யஜித் ராய் 1955 இல் வெளியான 'பதேர் பாஞ்சாலி'யை முழுத் திரைக்கதைப் பிரதி எழுதி வைத்து எடுக்கவில்லை. காட்சிகளைக் கீறி வைத்த படங்களும் குறிப்புகளும்தான் அவர் கையில் இருந்தன. கையில் காசு குறைந்தவனுக்குத்தான் ஸ்டோரிபோர்ட் கூடுதலாகத் தேவை. தாளில் பிழைத்தால் அழிறப்பர் போதும். கடற்கரையில் பிழைத்தால் ஒரு நாள் போய்விடும்.

எனவே பெற்றோரே, அடுத்த முறை எங்கள் வகுப்பில் பிள்ளைகள் கீறிய தாள் இல்லாமல் வீடியோவை ஏற்கமாட்டோம். தாளில் உள்ள கட்டம் வீடியோவில் இல்லாவிட்டால், ஏன் எடுத்தீர்கள் என்று ஐந்து பேரிடமும் கேட்போம். பரிசு கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை.

உங்களிடம் கேட்பது ஒரு பின்னேரம், ஒரு போன். வீட்டில் பிள்ளையிடம் அந்தத் தாளை விரிக்கச் சொல்லி, முதல் கட்டத்திலிருந்து கதையைச் சொல்ல விடுங்கள். விளங்காத இடத்தில் கேளுங்கள். திருத்துவதைப் பிள்ளையே செய்யட்டும்.

அந்த டிமைத் தாள் இன்னும் எங்கள் அலுமாரியில் இருக்கிறது. இன்ஷா அல்லாஹ், அந்த ஐந்து பேரும் அதை அவர்களே எடுத்து முடிப்பார்கள்.